1950 ஷெவி பிக்கப்பை வீட்டு கராஜில் ரேட் ராட் ஆக்க முடியுமா?

கேள்வி: "பண்ணை ஒன்றின் கொட்டகையில் பல வருடமாகக் கிடந்த 1950 ஷெவர்லே 3100 பிக்கப்பை வாங்கியிருக்கிறேன். இன்ஜின் இறுகிவிட்டது, கேபின் தரை துருவில் ஓட்டை. வெல்டிங் ஓரளவு பழகியிருக்கிறேன். அமெரிக்காவில் சாதாரண வீட்டு கராஜிலேயே இதை ரேட் ராட் ஆக்க முடியுமா? எங்கே தொடங்குவது, எவ்வளவு செலவாகும்?"

முடியும். ஓஹாயோவில் என் வீட்டை ஒட்டிய, இரண்டு கார் நிற்கும் கராஜில் 1949 ஷெவி 3100 ஒன்றை நான் கட்டியிருக்கிறேன். வேலை முடிந்து வந்த மாலைகள், சனிக்கிழமைகள் என்று மூன்றரை வருடம் ஆனது. உங்களுடையதும் அதே கேபின், அதே சேஸிஸ். அதனால் பொதுவாகச் சொல்லாமல் உங்கள் வண்டியை வைத்தே சொல்கிறேன்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் பழைய ஃபோர்டுகளை இலேசாக்கி, பெரிய இன்ஜின் போட்டு ஓட்டிய பையன்கள்தான் ஹாட் ராட் கலாசாரத்தை வளர்த்தார்கள். பிற்பாடு அது கண்ணாடிபோல மின்னும் பெயின்டும் குரோமியமுமாக, காசுள்ளவர்களின் கண்காட்சிப் பொருளாக மாறிப்போனது. அதற்கு எதிர்வினையாக வந்ததுதான் ரேட் ராட்: கிடைத்த பாகங்கள், துருவேறிய தகடு, சொந்தக் கை. 'ரேட்' என்றால் எலி; அந்தச் சொல் முதலில் இளக்காரமாகத்தான் சொல்லப்பட்டது; கட்டியவர்கள் அதையே பெயராக எடுத்துக்கொண்டார்கள். எனக்கு இந்த வண்டிகள் பிடிக்கக் காரணம், கட்டியவனின் கை ஒவ்வொரு இடத்திலும் தெரியும் என்பது. ஆனால் இந்தப் பெயரைச் சாக்காக வைத்து சேஸிஸையும் பிரேக்கையும் அரைகுறையாகச் செய்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மேலே இருக்கும் தகடு எவ்வளவு துருப்பிடித்திருந்தாலும் பரவாயில்லை. கீழே இருப்பது புதிய வண்டியை விட ஒழுங்காக இருக்க வேண்டும். கீழே சொல்வதெல்லாம் இந்த ஒரு கருத்தைச் சுற்றித்தான்.

கிரைண்டரைத் தொடுவதற்கு முன்னால் டைட்டிலை, அதாவது வண்டியின் உரிமைப் பத்திரத்தை, பாருங்கள். உங்கள் வண்டியின் அடையாள எண் தகடு ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணில் இருக்கும். டைட்டிலில் இருக்கும் எண் அதோடு பொருந்துகிறதா? அந்தக் காலத்தில் சில மாநிலங்கள் இன்ஜின் எண்ணை வைத்தே டைட்டில் கொடுத்தன. உங்களுடையது அப்படி இருந்து, இறுகிய இன்ஜினை இரும்புக் கடையில் போட்டுவிட்டீர்கள் என்றால் பின்னால் அலைய வேண்டியிருக்கும். மாநில மோட்டார் வாகன அலுவலகத்துக்குப் போய், இன்ஜினையும் சஸ்பென்ஷனையும் மாற்றப் போகிறேன் என்று சொல்லிக் கேளுங்கள். மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு. சேஸிஸையே மாற்றினால் சில இடங்களில் புதிதாகக் கட்டிய வண்டி என்று தனி ஆய்வு கேட்பார்கள். அந்த எண் தகட்டை மட்டும் துரு சுரண்டுவதற்காகக்கூடக் கழற்றாதீர்கள். அதை அகற்றுவதோ மாற்றுவதோ கூட்டாட்சிச் சட்டப்படி குற்றமாகலாம். மேலே டேப் ஒட்டிவிட்டுச் சுற்றிலும் வேலை செய்யுங்கள்.

அடுத்தது பெரிய முடிவு: சொந்த சேஸிஸா, இரவல் சேஸிஸா? எஸ்-10 என்ற ஷெவியின் பிற்காலச் சின்ன பிக்கப்பின் சேஸிஸைக் கீழே கொடுத்து மேலே பழைய கேபினை உட்காரவைக்கலாம் என்று பலர் சொல்வார்கள். தப்பில்லை. 3100இன் வீல்பேஸ் (முன், பின் ஆக்ஸில்களுக்கு இடையே உள்ள தூரம்) 116 அங்குலம், பின்பக்கச் சுமைத் தொட்டி நீளமான எஸ்-10க்கு 117.9 அங்குலம், கிட்டத்தட்ட ஒத்துப்போகும். பவர் ஸ்டியரிங்கும் முன்பக்க டிஸ்க் பிரேக்கும் கூடவே வந்துவிடும். முன் மட்கார்டை வைத்துக்கொள்வதாக இருந்தால் அது நல்ல வழி. மட்கார்டைக் கழற்றிவிட்டு முன் சக்கரம் திறந்து நிற்க வேண்டும் என்றால், எஸ்-10இன் கன்ட்ரோல் ஆர்மும் காயில் ஸ்பிரிங்கும் வெளியே தெரிந்து பார்வைக்கு ஒட்டவே ஒட்டாது. அந்த இடத்தில் ஒரே இரும்பாக வளைந்து போகும் பழைய பீம் ஆக்ஸில்தான் அழகு. நான் சொந்த சேஸிஸை வைத்துக்கொண்டு, 4 அங்குலம் இறங்கிய பீம் ஆக்ஸிலும் புதிய கமான் பட்டையும் போட்டேன். பின்பக்கத்துக்கு 1995 முதல் 2001 வரை வந்த ஃபோர்டு எக்ஸ்புளோரரின் 8.8 ஆக்ஸில். அதில் டிஸ்க் பிரேக் இருக்கும், அகலமும் 3100க்கு ஏறக்குறைய சரியாக வரும், பழைய இரும்புக் கடையில் மலிவாகவும் கிடைக்கும். பழைய ஆக்ஸில் எப்படியும் போகத்தான் வேண்டும். அந்த வருட 3100இல் கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்ஸிலுக்குப் போகும் ஷாஃப்ட் ஒரு மூடிய குழாய்க்குள் ஓடும். புதுக் கியர்பாக்ஸோடு அது சேராது. சக்கர போல்ட் அளவு முன்னும் பின்னும் வேறுபடும் என்பதை மட்டும் ரிம் வாங்கும் முன் கவனியுங்கள்.

இப்போது நான் செய்த பெரிய தவறு. ஆர்வத்தில் முதல் மாதமே இன்ஜின் மவுண்ட்டைப் பற்றவைத்துவிட்டேன். அப்புறம் டயர் வாங்கி வண்டியைத் தாழ்த்தியபோது ஆயில் சம்ப் தரையை உரசும் உயரத்துக்கு வந்து நின்றது. எல்லாவற்றையும் அறுத்து எடுத்து மறுபடி செய்ய நான்கு மாதம் போனது. சரியான வரிசை இதுதான்: முதலில் டயரும் ரிம்மும், அடுத்து வண்டி நிற்க வேண்டிய உயரம். ஆக்ஸில்களை மரக்கட்டை மேல் அந்த உயரத்தில் வைத்து, சேஸிஸை வைத்து, கேபினை உட்காரவைத்து, ஒரு நாற்காலியைப் போட்டு நீங்களே உள்ளே உட்கார்ந்து பாருங்கள். தலை இடிக்கிறதா, கால் பெடலுக்கு எட்டுகிறதா, ஸ்டியரிங் தண்டு எங்கே வருகிறது என்று எல்லாம் தெரிந்த பிறகு இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் இடம் பாருங்கள். அந்த நிலையில் எதையும் முழுதாகப் பற்றவைக்காமல் சின்னச் சின்ன டேக், அதாவது பொட்டுப்போல வெல்டு, மட்டும் போடுங்கள். இரண்டு வாரம் அப்படியே விட்டு, தெருவிலிருந்து, சமையலறை ஜன்னலிலிருந்து, தள்ளி நின்று என்று பார்த்துக்கொண்டே இருங்கள். காகிதத்தில் தெரியாத கோணல் எல்லாம் அப்போது தெரியும்.

தாழ்த்துவதற்கும் எல்லை உண்டு. டயர் பஞ்சராகி ரிம் தரையில் உட்கார்ந்தால்கூட சேஸிஸோ ஸ்டியரிங் இணைப்போ தரையைத் தொடக் கூடாது. இரண்டு ரிம்களின் அடிப்பகுதிக்கு இடையே ஒரு கயிற்றை இழுத்துக் கட்டிப் பாருங்கள்; கயிற்றுக்குக் கீழே எதுவும் தொங்கக் கூடாது. ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்றுப் பை (ஏர் பேக்) போட்டால் காற்றில்லாத நிலையிலும் இதே கணக்கு.

சேஸிஸை நேராக வைப்பதில் கராஜ் தரையை நம்பாதீர்கள். தண்ணீர் வடிவதற்காக அது கதவுப் பக்கம் லேசாகச் சரிந்திருக்கும். நான்கு ஸ்டாண்டில் ஏற்றி, ரசமட்டம் வைத்து, தகடு கொடுத்துக் கொடுத்து மட்டம் பிடியுங்கள். பிறகு தூக்குக்குண்டு கட்டி, முக்கிய இடங்களைத் தரையில் சாக்குக்கட்டியால் குறித்து, மூலைக்கு மூலை அளந்து பாருங்கள். இரண்டு குறுக்களவும் 1/8 அங்குலத்துக்குள் ஒத்துப்போனால் சேஸிஸ் நேர். வீடு கட்டும் கொத்தனார் அஸ்திவாரத்துக்குச் செய்வதேதான். வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு ஓடாமல் இருப்பது இந்த ஒரு மாலை வேலையில்தான் இருக்கிறது.

வெல்டிங் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும். 3100இன் சேஸிஸ் திறந்த 'ப' வடிவம். வி8 இன்ஜினின் முறுக்குக்கு அது வளைந்துகொடுக்கும். உள்பக்கம் தகடு வைத்து மூடிப் பெட்டியாக்குவது நல்லது. ஒரே மூச்சில் நீளமாகப் பற்றவைத்தால் சூட்டில் சேஸிஸ் வாழைப்பழம்போல வளைந்துவிடும். இங்கே ஓர் அங்குலம், எதிர்ப்பக்கம் ஓர் அங்குலம், முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று தாவித் தாவிப் போங்கள். சேஸிஸை அறுத்து இணைக்க வேண்டியிருந்தால் செங்குத்தாக ஒரே வெட்டில் ஒட்டாதீர்கள். வெட்டைச் சாய்வாகவோ படியாகவோ போட்டு, மேலே வைர வடிவத் தகடு வைத்துப் பற்றவையுங்கள். சுமை ஒரே கோட்டில் விழாமல் பரவும்.

வீட்டுச் சாதாரண 120 வோல்ட் மிக் வெல்டர் கேபின் தகட்டுக்குப் போதும். சேஸிஸுக்கும் சஸ்பென்ஷன் பிராக்கெட்டுக்கும் 240 வோல்ட் மெஷின்தான் வேண்டும். அதற்கான தனி லைனை எலக்ட்ரீஷியனை வைத்துப் போட்டுக்கொள்ளுங்கள். 75 பங்கு ஆர்கான், 25 பங்கு கார்பன் டை ஆக்ஸைடு கலவையும் 0.030 அங்குலக் கம்பியும் பெரும்பாலான வேலைக்கு ஒத்துவரும். அழகாகத் தெரியும் வெல்டு உள்ளே இறங்கியிருக்கிறது என்று அர்த்தமில்லை. சேஸிஸின் அதே கனத்தில் துண்டுத் தகடுகளை ஒட்டி, வைஸில் கவ்வி, சுத்தியலால் அடித்து மடக்குங்கள். வெல்டு பிளந்தால் நீங்கள் இன்னும் தயாராகவில்லை. நான் அப்படி ஒரு வாளி நிறைய உடைத்த பிறகுதான் சேஸிஸில் கை வைத்தேன். ஸ்டியரிங் இணைப்புகளையும் ஆக்ஸில் பிராக்கெட்டுகளையும் பற்றி மனதில் சின்னச் சந்தேகம் இருந்தாலும், இடத்தில் டேக் போட்டுவிட்டுச் சான்றிதழ் பெற்ற வெல்டர் ஒருவரை ஒரு நாள் கூப்பிட்டு முடித்துவிடுங்கள். அதில் கௌரவக் குறைச்சல் எதுவுமில்லை.

கராஜ் வீட்டோடு ஒட்டியிருக்கிறது என்பதை ஒரு நாளும் மறக்காதீர்கள். பல வீடுகளில் எரிவாயு வாட்டர் ஹீட்டர் அங்கேதான் நிற்கும், உள்ளே சின்னச் சுடர் எரிந்துகொண்டிருக்கும். பெட்ரோல் ஆவி தரையோடு தவழ்ந்து போய் அதைத் தொடும். அதனால் பெட்ரோல் டேங்கைத் திறக்கும் வேலையை வெளியே, திறந்த வெளியில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த வருட வண்டிகளில் டேங்க் கேபினுக்குள்ளேயே, சீட்டுக்குப் பின்னால் இருக்கும். அதைத் தூக்கிப்போட்டுவிட்டுப் பின்னால் சேஸிஸ் கம்பிகளுக்கு நடுவே புது டேங்க் வையுங்கள். பழைய டேங்க் காலியாகத் தெரிந்தாலும் அதில் வெல்டிங் வேண்டாம். பிரேக் கிளீனர் ஸ்பிரேயில் குளோரின் கலந்த வகை உண்டு. அதைத் துடைத்த இடத்தில் வெல்டிங் செய்தால் ஃபாஸ்ஜீன் என்ற நச்சு வாயு வரும், உயிருக்கே ஆபத்து. தகடு துடைக்க அசிட்டோன் போதும். நன்றாகக் காய்ந்த பிறகு பற்றவையுங்கள். ஜிங்க் பூசிய தகட்டைப் பற்றவைக்கும் முன் பூச்சைத் தேய்த்து எடுங்கள், இல்லையென்றால் அன்றிரவு குளிர்ஜுரம் வரும். வேலையை நிறுத்திய பிறகும் அரை மணி நேரம் கராஜிலேயே இருங்கள். பொறி எங்காவது ஒரு துணிக்குள் புகைந்துகொண்டிருக்கலாம்.

இன்ஜின். உங்கள் வண்டியில் இருப்பது 216 கன அங்குல ஆறு சிலிண்டர். அதன் கனெக்டிங் ராடு பேரிங்குகளுக்கு ஆயில் அழுத்தத்தோடு போவதில்லை, தெறித்துத்தான் போய்ச்சேரும். நெடுஞ்சாலை வேகத்துக்கு ஏற்றதல்ல. அதே குடும்பத்தின் 1954க்குப் பிந்தைய 235 கிடைத்தால், மட்கார்டு இல்லாத வண்டியில் அந்த நீள இன்ஜின் மிக அழகாக இருக்கும், வெட்டு வேலையும் குறைவு. நான் 350 கன அங்குல வி8ம் 700ஆர்4 என்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸும் போட்டேன். 350இன் டிஸ்ட்ரிபியூட்டர் பின்பக்கம் இருப்பதால் கேபின் முன்சுவரை இடிக்கும். இடத்தை முன்பே பாருங்கள். 700ஆர்4இல் கார்புரேட்டரிலிருந்து போகும் டிவி (த்ராட்டில் வால்வு) கேபிள் என்று ஒன்று உண்டு. கியர்பாக்ஸின் உள் அழுத்தத்தைத் தீர்மானிப்பது அதுதான். நான் தோராயமாகக் கட்டி ஓட்டினேன். 200 மைல் தாண்டுவதற்குள் கிளட்ச் தட்டுகள் கருகிவிட்டன. உங்கள் கார்புரேட்டருக்கென்றே உள்ள பிராக்கெட்டை வாங்கி, பிரஷர் கேஜ் மாட்டி, அளந்து கட்டுங்கள். கியர்பாக்ஸ் எவ்வளவு டிகிரி பின்னால் சாய்கிறதோ அவ்வளவு டிகிரி பின் ஆக்ஸிலின் பினியன் (ஷாஃப்ட் வந்து சேரும் முனை) மேல்நோக்க வேண்டும். மூன்றுக்கு மூன்று என்று வைத்தால் கிராஸ் ஜாயின்ட் அதிராது.

புகைக்குழாயைக் கேபினுக்கு அடியிலேயே நிறுத்தும் பழக்கம் இந்த வண்டிகளில் அதிகம். ஓட்டைத் தரை வழியாகக் கார்பன் மோனாக்ஸைடு உள்ளே ஏறும், வாசனையே இருக்காது. குழாயைக் கேபினைத் தாண்டிப் பின்னால் கொண்டுபோய் விடுங்கள். தரையைப் புதுத் தகட்டால் முழுதாக அடையுங்கள்.

பிரேக்கில் பழையதை அப்படியே வைத்துக்கொள்ளும் ஆசை வேண்டவே வேண்டாம். 1950இல் மாஸ்டர் சிலிண்டர் ஒற்றை அறை. எங்காவது ஒரு குழாய் வெடித்தால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். இரட்டை அறை மாஸ்டர் சிலிண்டர் போடுங்கள். அது கேபின் தரைக்கு அடியில் உட்காருவதால் ஆயில் திரும்பி வடியாமலிருக்க ரெசிடுவல் வால்வு வேண்டும்: டிஸ்க்குக்கு 2 பவுண்டு அழுத்தம், டிரம்முக்கு 10 பவுண்டு. குழாய்க்குச் சாதாரணச் செம்பு கூடாது. ஸ்டீல் அல்லது செம்பு-நிக்கல் கலவை. முனையை இரட்டையாக மடித்து ஃபிளேர் செய்யுங்கள். பீம் ஆக்ஸிலின் காஸ்டர் கோணம் (சக்கரம் திரும்பும் அச்சு பின்பக்கம் சாயும் அளவு) 5 முதல் 7 டிகிரிக்குள் இருக்கட்டும். கமான் பட்டைக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே ஆப்புத் தகடு வைத்துச் சரிசெய்யலாம். இது குறைந்தாலும், சக்கரம் திரும்பும் அச்சான கிங் பின் தேய்ந்திருந்தாலும், 45 மைல் வேகத்தில் முன் சக்கரம் இரண்டும் வெறிபிடித்ததுபோல ஆடத் தொடங்கும். ஒரு முறை அனுபவித்தால் ஆயுசுக்கும் மறக்காது.

கூரையை வெட்டித் தாழ்த்தப் போகிறீர்களா? உங்கள் வண்டிக்கு ஒரு நல்வாய்ப்பு: 1953 வரை முன் கண்ணாடி இரண்டு தட்டைத் துண்டுகள். லேமினேட் கண்ணாடியாக வாங்கி எந்த அளவுக்கும் கடையில் வெட்டிக்கொள்ளலாம். 1954இல் வளைந்த ஒற்றைக் கண்ணாடி வந்துவிட்டது, அது பெருந்தொல்லை. உங்கள் கேபினின் பின்மூலைகளில் வளைந்த ஜன்னல் இருந்தால் கூரையைத் தொடாதீர்கள் என்றுதான் சொல்வேன். தூண்கள் மேலே போகப் போக உள்பக்கம் சாய்வதால், 3 அங்குலம் வெட்டி எடுத்தால் மேலும் கீழும் நேருக்கு நேர் பொருந்தாது. தூணைச் சாய்க்கவோ கூரையை நடுவில் பிளந்து துண்டு சேர்க்கவோ வேண்டும். வெட்டும் முன் கதவுகளை மூடி, உள்ளே குறுக்குக் கம்பிகளைப் பற்றவைத்து இறுக்கிவிடுங்கள். நான் வெட்டவில்லை. அந்தக் கேபினின் உருண்டைக் கூரையை வெட்ட எனக்கு மனம் வரவில்லை.

துரு நிறத்தைக் காப்பாற்ற, உதிரும் துருவைத் தேய்த்து எடுத்துவிட்டு, காய்ச்சிய லின்சீடு ஆயிலை டர்பன்டைனில் கலந்து மெல்லியதாகப் பூசலாம். நான் அதைத்தான் செய்தேன், வருடத்துக்கு ஒரு முறை மறுபடி பூசுகிறேன். அந்தத் துணியைச் சுருட்டி எறியாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கும். தண்ணீர் உள்ள இரும்பு டப்பாவில் போட்டு மூடுங்கள். சீட் பெல்ட் கண்டிப்பாக வேண்டும். பெல்ட் போல்ட் 7/16 அங்குலம். மெல்லிய தரைத் தகட்டில் அப்படியே மாட்டாமல் அடியில் 3 அங்குலச் சதுரக் கனத் தகடு கொடுங்கள். மின்சாரம் எளிது: 6 வோல்ட்டை 12 ஆக்கி, 12 சர்க்யூட் ஒயரிங் கிட் ஒன்று வாங்கி, இன்ஜின், சேஸிஸ், கேபின் மூன்றுக்கும் நல்ல எர்த் பட்டை போட்டால் பாதித் தலைவலி இல்லை.

செலவைப் பற்றி. எனக்கு வண்டி 1,400 டாலர், இன்ஜினும் கியர்பாக்ஸும் 2,100, முன் ஆக்ஸில், பட்டை, ஸ்டியரிங் 1,500, எக்ஸ்புளோரர் ஆக்ஸில் 250, பிரேக் 900, டயரும் ரிம்மும் 1,200. இரும்பு, கம்பி, காஸ், ஒயரிங், ரேடியேட்டர், கண்ணாடி, நட்டு போல்ட் எல்லாம் சேர்த்து மொத்தம் 12,000க்குக் கொஞ்சம் குறைவு. கருவிகளுக்குத் தனியாக 2,400. கருகிய கியர்பாக்ஸைச் சரிசெய்தது இதில் சேரவில்லை. பென்சில்வேனியாவின் ஹெர்ஷியில் அக்டோபரில் நடக்கும் பழைய உதிரிபாகச் சந்தைக்கு ஒரு முறை போய்வாருங்கள். கடையில் கேட்கும் விலைக்கும் அங்கே கைக்குக் கை வாங்கும் விலைக்கும் உள்ள தூரம் புரியும்.

முடிந்ததும் ஊருக்கு அனுப்பலாமா என்று நம்மவர்கள் சிலர் என்னிடம் கேட்டதுண்டு. வேண்டாம். இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தயாரிப்பாளரின் மூல அமைப்பை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. இந்த வண்டி இங்கேதான் ஓட முடியும்.

முதல் ஓட்டத்தை வீட்டுத் தெருவுக்குள் 10 மைல் வேகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் சஸ்பென்ஷன், ஸ்டியரிங், பிரேக், சக்கரம் என்று முறுக்கிய ஒவ்வொரு நட்டின் மேலும் போல்ட்டின் மேலும் சேர்த்து மஞ்சள் பெயின்ட் பேனாவால் ஒரு கோடு இழுங்கள். 50 மைல் ஓடியதும் ஸ்டாண்டில் ஏற்றிக் கோடு விலகியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். 200 மைலில் இன்னொரு முறை. என் வண்டியில் 50 மைலில் எல்லாம் சரியாக இருந்தது. 200இல் டை ராடின் லாக் நட் கால் சுற்று விலகியிருந்தது.